கசக்கத் தெரியாதவர்

அந்தச் சந்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் கொஞ்சம் பயந்துதான் இருப்பார்கள். "கத்திகிட்ட குடுத்துட்டேன்", "கத்தி இன்னிக்குக் கோவமா இருக்காரு, அப்புறம் போ", "கத்தியப் பாத்தா நான் வரேன்னு சொல்லு" என்று காலையும் மாலையும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டால் யாருக்குத்தான் கதவைத் தாழ்போடத் தோன்றாது? பிறகுதான் தெரியவரும், கத்தி என்பவர் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டுத் துணி தேய்க்கிற மனிதர் என்று. அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்று எவனோ ஒருவன் கேலிக்குச் சொன்னான். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டமாக எடுத்துக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அவராகப் போடவில்லை, வயிறு போட வைத்தது. அப்பா போய்ச் சேர்ந்த வருஷம் ஒரு சலவைக் கடையில் மூட்டை சுமக்கப் போனார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் பெட்டி அவரைத் தூக்கும், அந்த வயசு. அங்கிருந்து ஒருத்தன் கையையும் எதிர்பார்க்காமல், ஒருத்தன் காலையும் பிடிக்காமல், சொந்தப் பெட்டி, சொந்த மேசை என்று வந்து சேர்ந்தார். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்கிறவன் சட்டை தேய்ந்து முடிகிறவரைக்கும் கேட்டே ஆக வேண்டும். வாய் நீளம் என்பார்கள். நீளட்டும். கை நீளாத மனுஷனுக்கு வாய் நீண்டால் என்ன குறைந்துவிட்டது?

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதுவும் உண்மை. காலர் முதலில், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை, உடம்பு கடைசி. மாற்றிச் செய்தால் தேய்த்த இடமே மறுபடி கசங்கும். தண்ணீர் தொட்ட விரலைப் பெட்டியின் அடியில் ஒற்றி, அது 'சொய்' என்கிற சத்தத்தை வைத்தே பருத்திக்கு ஆகுமா, பட்டுக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவார். மேசைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அதுதான் வீடு. குறுக்கே கட்டிய கயிற்றில் வாடிக்கைக்காரர்களின் கோட்டும் கவுனும் வரிசையாகத் தொங்கும். அதற்கு அடியில் பாய் விரித்துத்தான் குடும்பம் படுக்கும். அவருடைய ஒரே மகள் பாப்பா, அடுத்தவர் கோட்டு நிழலில் வளர்ந்த பிள்ளை.

அந்தப் பாப்பாவை ஓர் அறக்கட்டளை படிக்க வைத்தது. சந்தின் முனையிலிருந்த இலவசப் பள்ளியில் எட்டோடு சரி. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம்தான். அங்கே கேட்கிற கட்டணத்துக்குக் கத்தி தன் மேசை, பெட்டி, தன்னையும் சேர்த்து விற்றாலும் பத்தாது. அறக்கட்டளைக்காரர்கள் சந்திலிருந்து கொஞ்சம் பிள்ளைகளைப் பொறுக்கி, ஆறாம் வகுப்பிலேயே அந்தப் பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். கட்டணம், புத்தகம், சீருடை, வண்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாப்பா அங்கே எட்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னிக்குக் கண்ணாடிக் குழாயில நாந்தான் ஊத்தினேன். தண்ணி மாதிரி இருந்துச்சு, ஊத்தின ஒடனே ரோஸ் கலராயிடுச்சு."

"சாயம் போற துணியா இருக்கும்."

"துணியே இல்லப்பா!"

"துணி இல்லாம கலரு எப்படிடி வரும்?" என்று அவளிடம் சிரித்தவர், மறுநாள் வந்த வாடிக்கைக்காரர் அத்தனை பேரிடமும் துணியே இல்லாமல் சாயம் வரவைத்த தன் மகளைப் பற்றித்தான் பேசினார். இரண்டு சட்டை அன்றைக்குத் தீய்ந்துபோயிருக்கும். மனைவி பார்த்துப் பெட்டியைத் தூக்கினாள்.

அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எங்கோ தூர தேசத்தில் இருந்தார்கள். கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று வருஷத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வருவார்கள். பார்த்துவிட்டுப் போய்த்தான் அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். அந்த வருஷம் அவர்கள் வருவதற்கு முன்னால், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் அறக்கட்டளை அம்மா, பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இளவயசு, நல்ல மனசு, எப்போதும் அவசரம்.

"ஞாயித்துக்கிழமை வர்றாங்க. பிள்ளைங்களப் பழைய யூனிஃபார்ம்ல அனுப்புங்க. புது ஷூ வேணாம். வீட்டுல நல்ல பொருள் ஏதாவது இருந்தா கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க."

"உள்ள தள்ளுறதுக்கு உள்ளன்னு ஒரு எடம் வேணுமே மேடம்" என்றாள் மூட்டைக்காரர் சம்சாரம். புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்; அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பெரிய பள்ளியில் படித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"பழசுன்னா, கிழிசலா?"

"கிழிசலா இருந்தாலும் பரவாயில்லைங்க ஐயா."

"எம் பொண்ணு கிழிசல்ல போய் நின்னா, நாளைக்கு எவன் என்னை நம்பித் துணி குடுப்பான்? எனக்கு அவதானே மேடம் விளம்பரமே."

"ஒரு நாளைக்குத்தானே ஐயா. அவங்க வந்து பாக்கறப்ப, இவங்களுக்கு நம்ம உதவி வேணும்னு தோணணும். அவ்வளவுதான்."

கத்தி அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருந்தாரென்றால் உள்ளே பெட்டி காய்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினார்.

"வேணும்னு தோணணுமாம். ஏன், படிக்கிற பிள்ளையப் பாத்தா தோணாதா? மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு நின்னாத்தான் தோணுமா?"

"அந்தம்மா சொன்னத அப்படியே செஞ்சிட்டுப் போங்களேன். அழுத பிள்ளைக்குத்தானே பால்?"

"எம் பிள்ளை அழாது."

"உங்க பிள்ளை அழவேணாம். நீங்க வாயத் திறக்காம இருந்தாலே போதும்."

கத்திக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழசைப் போடச் சொன்னார்கள், போடட்டும். பழசு என்றால் அழுக்காகவும் கசங்கலாகவும்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போய், டிரங்குப் பெட்டிக்கு அடியிலும் சாக்குக்கு உள்ளேயும் கிடந்த போன வருஷத்துச் சீருடைகளை எல்லாம் மூட்டை கட்டி வந்தார். ஒரு வீட்டில் அது கரித்துணியாகவே ஆகியிருந்தது. அதையும் விடவில்லை.

"எதுக்குங்க?" என்று கேட்டாள் மூட்டைக்காரர் சம்சாரம்.

"ஞாயித்துக்கிழமை பாரு தங்கச்சி. வர்றவன் வாயப் பொளக்கணும்."

"சும்மாவா செய்யறீங்க?"

"பின்ன? எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே."

ஊற வைத்து, துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டார். கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டுக் கொடுத்து மனைவியைத் தைக்கச் சொன்னார். அவள் முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். ஆனால் நன்றாகத்தான் தைத்தாள், அவளுக்கும் மோசமாகத் தைக்க வராது. சனிக்கிழமை பகல் முழுக்க வாடிக்கைத் துணியை ஒதுக்கிவிட்டுச் சீருடையாகவே தேய்த்தார். இத்தனை வருஷத்துத் தொழிலில் அவ்வளவு அழகாக அவர் எதையும் தேய்த்ததில்லை. பாவாடை மடிப்பு ஒவ்வொன்றும் கோடு கிழித்தது மாதிரி. நூலெல்லாம் தேய்ந்து சல்லடையாகிப்போன துணி, புதுத் துணியைப் பார்த்து 'தள்ளி நில்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளைக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது, அச்சில் வார்த்தது போலிருந்தது. அறக்கட்டளை அம்மா உள்ளே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"ஐயா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன பழசுதான் மேடம். ஒண்ணுகூடப் புதுசு கிடையாது. சத்தியமா."

அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. நெட்டையான, தலை நரைத்த ஒரு சீமாட்டியும், கழுத்தில் கேமராவோடு ஓர் ஆளும் இறங்கினார்கள். சீமாட்டி பிள்ளைகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கேமரா நிற்கவேயில்லை. பாப்பாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, காலரும் மடிப்பும் தெரிகிற மாதிரி எடுத்தார்கள். சீமாட்டி என்னவோ கேட்க, அறக்கட்டளை அம்மா வேறு வழியில்லாமல் கத்தியைக் கை காட்டினார். சீமாட்டி நேராக வந்து கத்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூடு பட்டுப் பட்டுக் காய்த்த கை. அந்தக் கையை யாரும் குலுக்கியதில்லை.

அதில்தான் மனுஷனுக்குத் தலைகால் புரியாமல் போனது.

"நம்ம வீட்டுக்கு வந்துட்டுத்தான் போகணும்னு சொல்லுங்க மேடம். பக்கத்துலதான்."

வந்தார்கள். அறைக்குள் நிமிர முடியாமல் குனிந்து நின்ற சீமாட்டி, தலைக்குமேல் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரோடதுன்னு கேக்கறாங்க" என்றார் அறக்கட்டளை அம்மா.

"வாடிக்கைக்காரங்களோடது. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் என்கிட்டத்தான் வருவாங்கன்னு சொல்லுங்க. ராவெல்லாம் தேய்ச்சாலும் தீராது, அவ்வளவு வேலை."

அந்த அம்மா தயங்கினார். கண்ணாலேயே 'போதும்' என்றார். மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கத்திக்குக் கண் சீமாட்டி மேலேயே இருந்தது.

"சொல்லுங்க மேடம். நான் ரெண்டாங்கிளாசு. ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம மேல வந்தவன். எம் பொண்ணுக்கு நான் ஒரு குறையும் வைக்கல. அதையும் சொல்லுங்க."

சீமாட்டி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். அறக்கட்டளை அம்மா மெதுவாகச் சொன்னார். சொன்னதை அப்படியே சொன்னார் என்பது சீமாட்டியின் முகத்திலேயே தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம். கேமரா ஆள் கத்தியைப் பெட்டியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது கத்தும்போது தன்னை யாரும் பாராட்டுகிறார்கள் என்று நினைத்திருக்காது.

பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை விடுமுறை விட்ட சமயத்தில் அறக்கட்டளை அம்மா சந்துக்கு வந்தார். உட்காரவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க சந்து முன்னேறிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க ஐயா. இனிமே உதவி குப்பைமேட்டுக்குப் பின்னாடி இருக்கிற குடிசைங்களுக்கு."

கத்தி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப ஒம்போதாவது?"

"நான் எவ்வளவோ எழுதிப் பாத்தேன். போட்டோவப் பாத்துட்டு யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நான்தான் அன்னிக்கே சொன்னேனே ஐயா."

"குடிசைக்காரங்களுக்கும் வேணும்தான், நான் இல்லேங்கல. அதுக்கு எங்க பிள்ளைங்ககிட்டேர்ந்து ஏன் பறிக்கணும்? சுத்தமா நின்னது ஒரு குத்தமா?"

 அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் அந்த அம்மா இல்லை. மாசச் சம்பளக்காரர், பாவம்.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. மூட்டைக்காரர் சம்சாரம் தெருவில் நின்றே கத்தினாள். "சும்மா செய்யறாரேன்னு நெனச்சேன். சும்மாவா செஞ்சீங்க? உங்க மடிப்புல எங்க பிள்ளைங்க கழுத்தே அறுந்துபோச்சு!" அதுவரைக்கும் பட்டமாக இருந்த பெயர் அன்றிலிருந்து வசவானது. கூப்பிடுகிற சொல் அதேதான், கூப்பிடுகிற குரல்தான் வேறு.

அவர் சும்மா இருக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார். தன்னிடம் துணி போடும் பெரிய மனிதர்களைக் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கை நீட்டிக் கேட்டார். அவர்களில் ஒருவர், தேய்த்த சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "பொண்ணுதானே, உங்க தொழிலையே கத்துக்குடுங்க. நல்ல கை உங்க கை" என்றார். புகழ்ச்சி இவ்வளவு கசக்கும் என்று கத்திக்கு அன்றுதான் தெரிந்தது.

பாப்பா அழவில்லை. எம் பிள்ளை அழாது என்று அவர் சொன்னது பலித்தது. ஒரு நாள் அவர் சாப்பிட உள்ளே போயிருந்தபோது, பெட்டியை எடுத்துக் காலரில் ஆரம்பித்தாள். தோள், கை, உடம்பு. வரிசை தப்பவில்லை. திரும்பி வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். நன்றாகத் தேய்த்திருந்தாள். பெருமை பேச அந்த வாய்க்கு வரவில்லை.

மனைவி 'அன்னிக்கே சொன்னேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவரும் திருப்பிச் சத்தமாவது போட்டிருப்பார்.

இதற்கிடையில் பேருந்து நிறுத்தத்துக்கு மேல் பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் பாப்பாவின் முகம், விறைப்பான காலர், கத்தி மடிப்பு. கீழே என்னவோ எழுதியிருந்தது. கத்தி எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'கல்வி தந்த வெளிச்சம்.' வாடிக்கைக்காரர் வீட்டுக்குத் துணி கொண்டுபோகும்போது பாப்பா அந்தப் பலகைக்கு அடியில்தான் போவாள். நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஒருத்தரும் அவளை அடையாளம் கண்டதில்லை. தலையில் மூட்டையோடு போகிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

வருஷம் திரும்பியது. அதே சீமாட்டி வருகிறார், இந்தத் தடவை குப்பைமேட்டுக்குப் பின்னால் என்று செய்தி வந்தது. கத்தி காலையிலிருந்து வேலை செய்யவில்லை. பாப்பாவின் சீருடையை எடுத்து மேசைமேல் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். பிறகு, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அந்த மனிதர் அதைத் தண்ணீரில் முக்கி முறுக்கினார். பந்தாகச் சுருட்டிக் காலடியில் போட்டு மிதித்தார். உதறிக் காய வைத்தார். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால், சுருக்கத்துக்கு நடுவே பாவாடை மடிப்பு அப்படியே நின்றது. வருஷக்கணக்காகச் சூடு போட்டுப் பதிய வைத்த மடிப்பு. இரண்டு கையாலும் தேய்த்தார், கசக்கினார், நகத்தால் கீறினார். போகவில்லை.

"விடுங்கப்பா" என்றாள் பாப்பா. "உங்களுக்குக் கசக்க வரல."

அதையே போட்டுக்கொண்டாள். ஒரு வருஷத்தில் உயர்ந்துவிட்டிருந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியது. சீமாட்டியிடமே கேட்டுவிடலாம், இன்னொரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மகளுக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

குடிசைகளுக்கு நடுவே துணிப்பந்தல் போட்டிருந்தது. பிள்ளைகள் கிழிசலும் புழுதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சொன்னபடி செய்திருந்தார்கள். கத்தியை ஓரமாகவே நிறுத்திவிட்டார்கள்; அவர் பாப்பாவை மட்டும் முன்னே போகச் சொன்னார். அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். சீமாட்டி ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டுக்கொண்டே வந்தவர், பாப்பா முன்னால் நின்றார். உற்றுப் பார்த்தார். அப்புறம் கூவிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டார்.

பலகையில் இருக்கிற பெண்! நம் பெண்!

கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். இந்தப் பிள்ளைகளுக்கு நீ நாலு வார்த்தை சொல், படிப்பு உனக்கு என்ன தந்தது என்று சொல், என்றார். அறக்கட்டளை அம்மா பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். பாப்பா கூட்டத்தைப் பார்த்தாள். ஓரத்தில் நிற்கும் அப்பாவைப் பார்த்தாள்.

"நான் இப்பப் பள்ளிக்கூடம் போகல. வீட்டுல துணி தேய்க்கறேன். உங்களுக்குக் குடுக்கறத விடாம பிடிச்சுக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குடிசைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சீமாட்டி ஆவலோடு திரும்பினார்.  கேமரா அறக்கட்டளை அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னவோ சொன்னார், சிரித்துக்கொண்டே. அவர் என்ன சொன்னார் என்று கத்திக்குப் புரியவில்லை. ஆனால் சீமாட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கையைத் தட்டினார். கேமரா ஆளும் தட்டினான். பார்த்துவிட்டுப் பந்தலே தட்டியது.

பந்தலின் ஓரத்தில் பின்னால் நின்றிருந்த குடிசைக்காரர் ஒருவர், பேச்சு காதில் விழாத தூரத்தில் இருந்தவர், கத்தியின் தோளைத் தொட்டார்.

"உங்க பொண்ணுங்களா?"

"ஆமா."

"குடுத்து வச்சவரு நீங்க. எத்தனாவது படிக்குது?"

பழக்கத்தில் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"ஒம்போதாவது" என்றார் கத்தி. "ஒரு குறையும் வைக்கல."

சீமாட்டியிடம் கேட்க வந்ததைக் கத்தி கேட்கவில்லை. ஒம்போதாவது என்று பொய் சொன்ன அதே வாயால், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது எப்படி?

பாப்பா வெளியே வந்தபோது தோளில் புத்தகப்பை ஒன்று தொங்கியது. புதுசு. அறக்கட்டளையின் முத்திரை போட்டது. சீமாட்டி தன் கையாலேயே மாட்டிவிட்டாராம். இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் ஒரு வாடிக்கைக்காரர் காத்திருந்தார். "என்ன கத்தி, சாயங்காலம் விசேஷத்துக்குப் போகணும், கோட்டு இன்னும் கயித்துலயே தொங்குது?" என்று எரிந்து விழுந்தார்.

பாப்பா பையைக் கழற்றினாள். மூட்டைக்குப் பதில் இதில் துணி கொண்டுபோனால் தலைபாரம் இல்லையே என்றாள் அம்மா. மகள் தலையை ஆட்டினாள்.

"வேணாம்மா. இதுல வச்சா மடிப்பு கெட்டுடும்."

பை ஆணியில் ஏறியது. கத்தி பெட்டியில் கரியைப் போட்டு ஊதத் தொடங்கினார்.